ஆஸ்கர் மீன் கக்கிய ஈரல்

குளத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் என் வீட்டுக்காரர் கண்ணாடித் தொட்டியில் ஆஸ்கர் மீன் வளர்க்கிறார். "இது இறைச்சி தின்னுத மீனாக்கும்" என்று தினமும் கோழி ஈரல்தான் போடுவார். தொட்டியில் கொழுப்பு ஆடையாக மிதக்கும். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

போன மாதம் எங்கள் வீட்டில் சபையாரின் ஜெபக்கூட்டம். எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது, வயிறு வீங்கிக் கிடந்த மீன் பாதி செரித்த ஈரலைக் கக்கியது. செத்த எலி நாற்றம்! மூக்கைப் பொத்திக்கொண்டே 'ஆமென்' சொன்னார்கள். நீளமாக ஜெபிக்கும் உபதேசியார் அன்று இரண்டே வரியில் முடித்தார்.

"ஈரலே குடுத்தா கொழுப்பு ஏறிச் சாவும்" என்றார், இந்த மீனை எங்களுக்கு விற்றவர். இப்போது தீனி என் பொறுப்பு. இறால், சின்ன மீன், கடையில் விற்கும் பெல்லட் உருண்டை என்று மாற்றிப் போடுகிறேன். மிச்சத்தை உடனே எடுத்துவிடுகிறேன். மீன் தேறிவிட்டது.

வீட்டுக்காரர் தனக்கு ஈரல் பொரிக்கச் சொன்னால், அன்றைய நாற்றம்தான் நினைவுக்கு வருகிறது; சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.