அழுகின கத்தரிக்காயும் அமெரிக்காவும்

இன்று ஜெர்மனியின் எசன் நகரில் மரக்கறி வாங்கப் போனேன். தமிழ்க்கடை முதலாளி அமெரிக்கா மீது கடும் கோபத்தில் இருந்தார்.

"அங்கையும் கொம்யூனிசம் வந்திட்டுது தம்பி. கொம்பனி நட்டப்பட்டால் அரசாங்கம் சனத்தின்ரை வரிக்காசிலை தூக்கி விடுது. ஒருத்தன்ரை நட்டத்தை ஏன் எல்லாரும் சுமக்கோணும்?"

"ஓம் அண்ணை" என்று தலையாட்டினேன்.

அப்போது கடையில் வேலை செய்யும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார். விற்காமல் அழுகத் தொடங்கியிருந்த கத்தரிக்காய்ப் பெட்டியை முதலாளி அவர் கையில் கொடுத்தார்.

"இதின்ரை காசைச் சம்பளத்திலை கழிச்சிருக்கிறன் பிள்ளை. நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்தானே."

அக்கா வாங்கிக்கொண்டு போனார்.

இது என்ன இசம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் முதலாளியிடம் கேட்கவில்லை. எனக்குப் பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.