இன்பமணி வீட்டில் போலந்து மீன்

பதினான்கு வருடம் ஒரு சாப்பாட்டைத் தூக்கி அடுக்கியவருக்கு அதன் ருசி தெரியாது என்றால், அந்தச் சாப்பாட்டை அவருக்குத் தெரியும் என்று சொல்லலாமா? இன்பமணியைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். அவருக்கு வந்ததில்லை.

துபாயின் அல் கூஸ் பகுதியில் ஒரு குளிர்கிடங்கு. போலந்திலிருந்து வரும் பெட்டிகளை ஃபோர்க்லிஃப்டில் எடுத்து அடுக்குவது அவர் வேலை. எது எந்த வரிசை, எது எப்போது கெட்டுப்போகும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. இரண்டு வருடமாக அவருடைய வலது கை விரல்கள் காலையில் சட்டைப் பொத்தானைப் பிடிக்க மறுத்தன. நர்ஸாக இருக்கும் மனைவி ஜோஸ்மி பொத்தானைப் போட்டுவிட்டுச் சொல்வாள்: "இன்னும் ரெண்டு வருசம் அதுக்குள்ள நின்னா இந்த வெரலு ஒமக்கு ஒதவாது, கேட்டியளா."

வழி ஒன்று திறந்தது. கம்பெனி கிடங்கின் முன்பக்கம் கடை போட்டது. போலந்துக்கார மேடம் இன்பமணியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒவ்வொன்றின் ருசியையும் சரியாகச் சொன்னால் கவுன்டர் அவருக்குத்தான் என்றார். வினிகரில் ஊறிய ஜாடி மீன், சாசேஜ், முட்டைக்கோஸ் ஊறுகாய் என்று ஒரு பெட்டி நிறைய மாதிரிகளும் கொடுத்தனுப்பினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஷார்ஜா ரோலாவில் அவர்கள் வீட்டில் விருந்து. ஜோஸ்மியின் தம்பி பிரைட்டை பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிவர இன்பமணி போன அரை மணி நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது.

"எடியே, ஜாடியில இருந்த மீனு எங்க?"

"அதா? புளிச்சுப்போயி கெடந்துச்சு. மூணு தண்ணி ஊத்திக் கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு ஊறவச்சேன். தேங்கா அரச்சு கொழம்பு வச்சாச்சு."

இன்பமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அது புளிச்சதில்லடி. அதுதான் அதுக்க ருசி."

"ருசியக் கழுவிட்டியாக்கா?" என்றான் பிரைட். "கடக்கரையில பொறந்தவ செய்ற வேலையா இது?"

"நீ வாய மூடுல. கெட்ட மீன அப்படியே திங்கச் சொல்லுதியா?"

புகைபோட்ட சாசேஜ் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுபட்டிருந்தது. உருளைக்கிழங்கு அடைத்த பியரோகி மட்டும் இட்லிச் சட்டியில் வெந்து, முழுசாகத் தப்பியிருந்தது. பிரைட் ஒன்றைக் கடித்து, உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கொழுக்கட்ட பண்ணுனவன் சர்க்கரை போட மறந்துட்டான் அத்தான்."

மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். "அப்பா, சீரியஸா சொல்லுங்க. முட்டைக்கோஸ் ஊறுகாய்?"

"ஆப்ப மாவு ரெண்டு நாள் வெளிய இருந்த மாதிரி."

"அப்படில்லாம் கடையில சொல்ல முடியாதுப்பா."

ஜோஸ்மிக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. போலந்து ரை ரொட்டியை மீன் குழம்பில் முக்கிக்கொண்டே சிரித்தாள். புரையேறியது. பிரைட் அவள் தலையில் தட்டப் போய், தயிர்க்கட்டிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். அது மகளின் நோட்டில் கவிழ்ந்து, எழுதிய ருசிகளை எல்லாம் மூடியது. அதன் பிறகு யாரும் எதையும் எழுதவில்லை. சட்டியில் மிச்சமும் இல்லை. அந்தக் குழம்பை அருமை என்று சொல்வது மிகை. ஆனால் நான்கு பேர் ஒரு மேசையில் காரணம் மறந்து சிரிப்பது அடிக்கடி நடப்பதல்ல.

கை கழுவும்போதுதான் இன்பமணி பார்த்தார்: காலி ஜாடியின் அடியில் ஒரே ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கழுவாத துண்டு. கரண்டியால் வழித்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எப்படி அத்தான்?"

"இருங்கலே," என்றார். நெடுநேரம் மென்றார்.

திங்கட்கிழமை மேடம் ஆறு தட்டு வைத்தார். ஐந்தை ஒருவாறு சொல்லி முடித்தார் இன்பமணி. ஆறாவது அந்த மீன். முதலில் உப்பு, பிறகு புளிப்பு, விழுங்கின பிறகு ஒரு இனிப்பு என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். வீட்டில் மற்றதைக் கழுவிக் குழம்பு வைத்ததையும் மறைக்காமல் சொன்னார். மேடம் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்தக் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டார்.

கவுன்டர் கிடைத்தது. பிப்ரவரியில் சேர்ந்தார். கோடை வருவதற்குள் விரல்கள் சொன்னபடி கேட்க ஆரம்பித்துவிட்டன.

சேர்ந்த அன்று அவர் மேடத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று: புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் தனக்கு ஃப்ரீசர் டூட்டி போட வேண்டும். மேடம் காரணம் கேட்டார். ஜோஸ்மி கேட்டாள், கோபத்தோடும் கேட்டாள். பிரைட் கிண்டலாகக் கேட்டுப் பார்த்தான். புதன்கிழமை வந்தால் கவுன்டரை மூடி, தடித்த ஜாக்கெட்டையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். பதினான்கு வருடம் அடுக்கிய பெட்டிகளின் முன் ஒவ்வொன்றாக நின்று, அதனதன் ருசியை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார்.