நாலு வண்டி, மூன்று வாஷர்

என் இடது கால் வலது காலைவிட அரை விரல் குட்டை. அதற்குக் காரணமானவரைத்தான் என் அக்கா கட்டிக்கொண்டாள். காலை உடைத்தது முதலில், கல்யாணம் பிறகு. தினமும் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மனிதர் என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு ட்யூப்லைட் என்று பெயர்.

அத்தான் அப்போது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். என் மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றியவர், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் நட்டுக்குப் பழைய வாஷரையே திரும்பப் போட்டுவிட்டார். சின்னச் செம்பு வளையம்தான். நட்டை இறுக்கும்போது அது நசுங்கி, எஞ்சினோடு இருக்கும் இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் சில நேரம் அடைக்கும், சில நேரம் அடைக்காது. என் நேரம், அடைக்கவில்லை. சொட்டுச் சொட்டாகக் கசிந்த ஆயில் பின்டயரில் பட்டு, ஒரு வளைவில் வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம்.

அன்றோடு அவர் பழைய வாஷருக்குக் கும்பிடு போட்டுவிட்டார். சொந்தமாகக் கடை வைத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. எதிரில்தான் என் ஜெராக்ஸ் கடை என்பதால் அங்கே நடக்கும் சண்டையெல்லாம் எனக்குக் கேட்கும். “பாக்க நல்லாத்தானே இருக்கு, பழசையே போட்டுடுங்க” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், “அப்ப வேற கடைக்குப் போங்க” என்பார். ஃபில்டர் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையாவது விரலால் வளைத்துப் பார்த்து, வெடிப்பு இல்லையென்றால் போனால் போகிறது என்று விடுவார். செம்பு வாஷருக்கு அந்தக் கருணையும் கிடையாது. தெருவில் அவருக்கு ‘வாஷர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் வாஷர் மச்சான். படித்துப் பட்டம் வாங்கியதற்குக் கிடைத்த மரியாதை.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய வாஷரைச் சுவரில் தொங்கும் கம்பியில் கோத்த பிறகுதான் புதியதைத் தொடுவார். சூட்டில் பழையது சில சமயம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் அதன்மேல் புதியதைப் போட்டால் இறுகின மாதிரித்தான் இருக்கும். வண்டி சூடேறினால் கசிய ஆரம்பிக்கும். அதனால் அன்றைக்கு நாலு வண்டிக்கு ஆயில் மாற்றினால் கம்பியில் நாலு இருக்க வேண்டும். மாலையில் எண்ணிப் பார்த்துவிட்டு டப்பாவில் கொட்டுவார். ஒருநாளும் குறைந்ததில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை குறைந்தது.

அன்றுதான் அவருடைய ஒரே மகள் வேலைக்குக் கிளம்பினாள். நில அளவை அலுவலகத்தில் வேலை. ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கும் என்பதால் மோட்டார் சைக்கிளிலேயே போகிறேன் என்றாள். நூற்றைம்பது கிலோமீட்டர், கடைசி நாற்பது மலைப்பாதை. ஒரு வாரமாக அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை. கிளட்ச் கேபிள், பல்பு, பஞ்சர் சாமான், கயிறு என்று அவளுடைய பையில் ஒரு கடையையே கட்டி வைத்தார். திங்கட்கிழமை காலையில் கூரியர்காரர் வண்டிக்கும் என் வண்டிக்கும் ஆயில் மாற்றினார். மூன்றாவதாக அவளுடையது. வண்டிக்கு அடியில் குனிந்தபடியே மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அவள் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். டிராயிங் மாஸ்டர் வண்டிக்கு வேலை பார்த்தவர், கழற்றிய வாஷரைக் கோக்கப் போய் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் கடைக்கு வந்தார். கவுண்டர்மேல் கம்பியை வைத்தார்.

“மாப்ளே, எத்தனை இருக்கு?”

“மூணு.”

“மாஸ்டரோடதையும் சேத்து மூணு. நாலு இருக்கணும்.”

“கீழ எங்கயாச்சும் விழுந்திருக்கும் அத்தான்.”

தரையைக் கூட்டினோம். நான் புத்திசாலித்தனமாக ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். “செம்பு காந்தத்துல ஒட்டுமாடா?” என்றார். என்னை ‘டா’ போட்டால் அவர் நிதானத்தில் இல்லை என்று அர்த்தம். பழைய ஆயில் வாளியில் முழங்கை வரை கைவிட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை. என் வண்டியைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தோம். நட்டுக்கு மேல் ஒரே ஒரு வளையம், சரியாக இருந்தது. கூரியர்காரரைத் தெருமுனையில் மடக்கிப் பார்த்தோம். அதிலும் ஒன்றுதான். மாஸ்டர் வண்டியில் சந்தேகமே இல்லை.

மிச்சம் இருந்தது அவளுடைய வண்டி.

“கோத்த மாதிரிதான் ஞாபகம்” என்றார். “ஆனா இன்னிக்கு என் ஞாபகத்தை நானே நம்ப மாட்டேன்.”

போன் அடித்தோம். எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவளை வளர்த்தவர் இவர்தான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். மலை ஏறுமுன் அடிவாரத்து டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுவதாக மட்டும் சொல்லியிருந்தாள்.

“அவ கூப்பிடும்போது சொல்லிக்கலாம் அத்தான்.”

“அதுக்கு முன்னாடி கசிஞ்சா?”

என் காலைப் பார்க்காமல்தான் கேட்டார். நான் சாவியை எடுத்தேன். கல்லாவில் இருந்த புது வாஷர் பாக்கெட்டையும் ஸ்பானரையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

நான் அவ்வளவு வேகமாக ஓட்டியதே இல்லை. அவரோ என் தோளைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். “நிறுத்து” என்பார். இறங்கி, ரோட்டில் இருந்த கறையை விரலால் தொட்டு முகர்வார். “பழசு, லாரியோடது” என்று ஏறுவார். நாலு தடவை இப்படி நிறுத்தினோம். ஒவ்வொரு வளைவிலும், அந்தப் பக்கம் கூட்டம் நின்றுவிடக் கூடாதே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அவளை முதன்முதலில் சைக்கிளில் ஏற்றியவன் நான்.

நடுவில் ஒரு தடவை நிறுத்தியபோது அக்கா கூப்பிட்டாள். “ரெண்டு கடையும் பூட்டிக் கிடக்காமே, எங்க இருக்கீங்க?”

“பேப்பர் வாங்கப் போறோம்க்கா.”

“பேப்பர் வாங்க ரெண்டு பேரா? சரி, புள்ள போன் பண்ணுனாளா?”

“இப்பப் பண்ணுவா” என்று வைத்துவிட்டேன்.

அடிவாரத்து டீக்கடை வாசலில் அவளுடைய வண்டி நின்றது. பக்கத்தில் அவள், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக ஓட்டி அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறாள். முழுதாக. நான் ஸ்டாண்டுகூடப் போடாமல் இறங்கப் பார்த்தேன்.

“அப்பா? மாமா? என்ன ஆச்சு, அம்மாவுக்கு ஏதாவது...”

அத்தான் ஜல்லியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்தார். வெள்ளைத் துணியால் நட்டைச் சுற்றித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

“ஒண்ணுதான் இருக்கு. காஞ்சு கிடக்கு” என்றார். எழுந்திருக்காமலே கேட்டார்: “அப்ப அந்தப் பழைய வாஷர் எங்க போச்சு?”

அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பையைத் திறந்து, பல்புகளுக்கு நடுவிலிருந்து நசுங்கின செம்பு வளையம் ஒன்றை எடுத்தாள்.

“நான்தான்பா எடுத்தேன். நீங்க முகம் கழுவப் போனப்ப, கம்பியில இருந்து.”

“எதுக்கு?”

“ஸ்பேரா இருக்கட்டும்னு.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். “பழசையா? எம்பொண்ணா நீ?”

“போற ஊர்ல கிடைக்கலன்னா? அடுப்புல பழுக்கக் காய்ச்சி தண்ணியில போட்டா செம்பு இளகிடும், மறுபடி நசுங்கும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“இளகும்னு சொன்னேன். போடுன்னு சொன்னேனா? உங்க மாமா நடக்கிறதப் பாத்துட்டுமா உனக்கு இது தோணுச்சு?”

ஊர் நியாயத்துக்கெல்லாம் என் கால்தான் சாட்சி. ஆனால் அவள் விடவில்லை. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாள்.

“பையைக் கொட்டிப் பாத்தேன்பா. கேபிள் ரெண்டு வச்சிருக்கீங்க. பல்பு நாலு. அந்தக் கயிறு எதுக்குன்னே தெரியல. எல்லாம் வச்ச நீங்க புது வாஷர் மட்டும் ஒண்ணுகூட வைக்கல. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

அத்தான் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். வழியெல்லாம் அவர் பட்ட பயம் போய்விட்டது என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அது அப்படியே இருந்தது.

“மறக்கல” என்றார். “ஆயில் மாத்த நீ வீட்டுக்கு வருவேல்ல. அதான் வைக்கணும்னு தோணல.”

“வருவேன்பா. ஆனா ஒவ்வொரு தடவையும் வர முடியுமா? லீவு கிடைக்கணும்ல.”

“அதுவும் சரிதான்” என்றார். சொல்லிவிட்டு மலையைப் பார்த்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. டீக்காரரிடம் போய் இரண்டு டீ சொன்னேன்.

திரும்பி வரும்போது அவர் சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்திருந்தார். பழைய வாஷரை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, புதியவற்றை ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தார். “நட்டைக் கையால முதல்ல ஏத்தணும். அப்புறம்தான் ஸ்பானர். பழசு ஒட்டியிருக்கான்னு விரலை விட்டுப் பாரு.” அவள் தலையாட்டினாள். ஐந்து வைத்ததும் பாக்கெட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“அதுல இன்னும் ஒண்ணு இருக்கேப்பா?”

“இருக்கட்டும்” என்றார். “அது நம்ம கடையில போடறதுக்கு. ஒரு தடவையாவது வா.”