தவிட்டு நிறமும் பச்சையும்

கம்ப்யூட்டர் பொய் சொல்கிறது என்று நிரூபிக்கத்தான் அன்றைக்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

விளையாட்டு எளிதானது. ஆறு நிறங்களில் நான்கைக் கம்ப்யூட்டர் மறைத்து வைக்கும். நாம் நான்கு நிறங்களை வரிசையாக வைத்துக் கேட்க வேண்டும். நிறமும் இடமும் சரியென்றால் ஒரு கறுப்புப் புள்ளி. நிறம் மட்டும் சரியென்றால் வெள்ளைப் புள்ளி. பத்து வாய்ப்பு. என் மனைவி வீட்டிலிருந்து டைப்பிங் வேலை செய்வதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. இடையில் சலிப்புத் தட்டும்போது அவள் இதை விளையாடுவாள். ஆறாவது வரியில் முடித்துவிட்டு எழுந்து போவாள். நான் பத்து வரியும் தீர்ந்து தோற்பேன்.

நான் பாறசாலையில் ஒரு டியூட்டோரியலில் பதினாறு வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வரியையும் பேப்பரில் எழுதிக்கொண்டே ஆடினேன். ஏழாவது வரியில் பிடித்துவிட்டேன். ஒரு வரிக்கு வந்த பதில், தவிட்டு நிறம், அதாவது பிரவுன், உண்டு என்றது. இன்னொரு வரிக்கு வந்த பதில், தவிட்டு நிறமே கிடையாது என்றது. மேசையில் அடித்தேன்.

"இஞ்ச வந்து பாரு! இது சுத்தப் புளுகாக்கும். இதை எழுதினவனுக்குக் கணக்கே தெரியாது."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேப்பரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி பேப்பரைப் பார்த்தாள்.

"மூணாவது வரியில தவிட்டு நிறம்னு எழுதியிருக்கிய. அங்க கிடக்குறது பச்சையில்லா?"

"எனக்குக் கண்ணு உண்டு."

"சத்தியமா பச்சையாக்கும்."

முதலில் சிரித்தாள். பிறகு வாசலில் கிடந்த செருப்பைக் காட்டி என்ன நிறம் என்றாள். தலையணை உறையைக் காட்டினாள். மகளின் கிரேயான் டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். நாலைந்து கிரேயான் தாண்டியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

நெய்யாற்றின்கரையில் கண் டாக்டர், புள்ளிகளால் நிறைந்த ஒரு புத்தகத்தை என் முன்னே விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு எண் ஒளிந்திருக்கிறதாம். முதல் பக்கத்துக்குப் பிறகு எனக்குப் பெரும்பாலும் வெறும் புள்ளிகள்தான். பச்சை, சிவப்பு, தவிட்டு நிறங்களைப் பிரித்தறிய முடியாத நிறக்குருடு, பிறவியிலேயே வந்தது, மருந்து கிடையாது, பயப்படவும் வேண்டாம் என்றார். கடைசியாக மலையாளத்தில் கேட்டார்: "அம்மயுடெ ஆங்ஙளமார்க்கு ஆர்க்கெங்கிலும் உண்டோ?" அம்மாவின் கூடப்பிறந்த ஆண்களுக்கு இருந்தால், அம்மா வழியாக மகனுக்கு வருமாம்.

பைக்கை நேரே பெருங்கடவிளைக்கு விட்டேன். அம்மா அங்கே அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அடுக்களைப் படியில் உட்கார்ந்து நெத்தோலி ஆய்ந்துகொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது எனக்கு நேரத்தே அறியலாம் மக்கா. உன் மாமனுக்கும் உண்டு."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே."

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. ஒன்பது வயதில் அப்பா என்னை மிளகாய்ச் செடியில் பழுத்ததை மட்டும் பறிக்க அனுப்பினார். நான் பாதிக்குமேல் பச்சையைப் பறித்து வந்தேன். "கண்ணு பொட்டையாலே உனக்கு?" என்று கேட்டுக்கேட்டு மரச்சீனிக் கம்பால் அடித்தார். வேண்டுமென்றே செய்கிறேன், சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று. பள்ளிக்கூடத்தில் இலைகளுக்குத் தவிட்டு நிறம் அடித்ததற்காக வகுப்பு முழுக்கச் சிரிக்க பெஞ்சில் ஏறி நின்றேன். அம்மா தழும்புகளில் எண்ணெய் தடவினாள். தடவும்போது அவளுக்குத் தெரியும். அந்தக் கை தெரிந்துகொண்டே தடவியிருக்கிறது.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா என் வீட்டுக்காரங்களத்தான் சொல்லுவாரு. கெட்ட ரத்தம்னு. உன் மாமனுக்கு ஒரு சம்பந்தம் இதனாலதான் முறிஞ்சுது."

"அதுக்கு நான் அடி வாங்கணும்!"

அவள் மீன் சட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு, ஏதோ மிச்சமிருக்கும் நல்ல புத்தியைச் சொல்வதுபோல, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எலே, இத வெளிய சொல்லப்பிடாது. உனக்கும் ஒரு பொம்பளப்பிள்ள உண்டு. நாளைக்கு அவளுக்குக் கல்யாண ஆலோசனை வரும்போது..."

என் மகளுக்கு ஆறு வயது.

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. அண்ணி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன விசேஷம்?" என்று கேட்டாள். அம்மா கண்ணால் என்னைக் கெஞ்சினாள். நான் மதிலுக்கு அருகே போய் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பச்சையும் தவிட்டு நிறமும் தெரியாது. என் மாமனுக்கும் தெரியாது. இது அம்மா வழியில் வந்தது, என் மகளுக்குப் பிறக்கும் பையனுக்கும் வரலாம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றேன். திரும்பியபோது அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். அதைப் பார்த்தும் என் கோபம் இறங்கவில்லை. அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி விளையாட்டைத் திறந்து வைத்திருந்தாள். நிறங்களின் மேல் எழுத்துகளைக் காட்டும் வசதி அதில் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். நான் உட்கார்ந்தேன். ஐந்தாவது வரியில் முடித்தேன். அவள் கை தட்டினாள். எனக்கு அழுகைதான் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு டிக். ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் வகுப்பில் கலர் சாக்பீஸ் டப்பாவை மாணவர்களிடம் கொடுத்து, இனிமேல் நிறத்தைச் சொல்லி நீங்களே எடுத்துத் தாருங்கள், எனக்குத் தெரியாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நாலு மாதம் ஆகிறது. "வயசானவங்கல்லா, விடுங்க" என்கிறாள் மனைவி. ஞாயிறுதோறும் அம்மா போன் பண்ணுகிறாள். முட்டி வலி, அண்ணன் பிள்ளைகளின் படிப்பு, மழை என்று எல்லாம் பேசுகிறாள். இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "எப்பம் மக்கா வாற?" என்று கேட்பாள்.

"வாறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். இன்னும் போகவில்லை.