எங்கள் வீட்டில் பாசி பட்ட பாடு

என் வீட்டுக்காரர் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். வருஷா வருஷம் மாணவர்களை மணப்பாட்டுப் பாறைகளுக்குக் கூட்டிப்போய், பழுப்புக் கடல்பாசியைக் கையில் ஏந்தி, தொண்டை கட்டும்வரை பாடம் நடத்துவார். வீட்டில், அவர் அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

ஜப்பானில் படிக்கும் எங்கள் மகள் போன மாதம் லீவுக்கு வந்தவள், அங்கே தினமும் சாப்பிடும் பழுப்புப் பாசி ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பார்க்கக் கறுத்த சருகு. தண்ணீரில் போட்டதும் பச்சை இலையாக விரிந்தது. பாசிப்பருப்பும் இஞ்சியும் சேர்த்து ஒரு சாறு வைத்தாள். அவள் எங்களுக்கென்று சமைத்தது அதுதான் முதல் தடவை. நான் ருசி பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

வாடை கூடத்துக்குப் போக, மாமியார் வந்து நின்றார்.

“ஏட்டி, சைவ வீட்டுல மீனையா வேக வைக்கே?”

“மீன் இல்ல ஆச்சி. கடல்ல பாறையைப் பிடிச்சிட்டு வளருது. வேரே கிடையாது, உடம்பு முழுக்கத் தண்ணி உறிஞ்சும். கீரை மாதிரி வெயில்லதான் சாப்பாடு செஞ்சுக்கும். அப்பாட்ட கேளுங்க.”

அப்பா என்ன செய்தார்? பேப்பரைப் புரட்டினார். கரண்டியும் கையுமாக மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ சொல்லுதது நெசந்தான் அத்தை” என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மாமியார் சட்டியைத் தூக்கிப்போய்ப் புறவாசலில் கவிழ்த்தார். ஜப்பானுக்குத் திரும்பும்வரை மகள் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

போன வாரம் ஒரு காலையில், பல்செட்டுக்கு அளவெடுக்க மாமியாரைக் கூட்டிக்கொண்டு நானும் இவரும் போனோம். டாக்டர் ஏதோ பொடியைத் தண்ணீரில் குழைத்து அவர் வாய்க்குள் அழுத்தினார். என்ன மாவு அது என்று கேட்டேன்.

“பழுப்புக் கடல்பாசியில இருந்து எடுக்கிறதும்மா. சீக்கிரம் இறுகிரும்.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மாமியார் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மருந்துல போயி சைவம் பாப்பாகளா?”

நான் வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “அது வெறும் பாசிதானம்மா. மீனும் இல்ல, கறியும் இல்ல. சுத்த சைவம்.”

தடுமாற்றமே இல்லாமல், வகுப்பில் சொல்வது மாதிரி வந்தது.

“இதையே உங்க மகளுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க” என்றேன்.

“அங்க இப்ப ராத்திரியா இருக்கும், தூங்குவா” என்றார்.

அங்கே அப்போது பட்டப்பகல்.