என் பெயருக்கு மாறிய கார்

விடியற்காலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கொட்டகைக்குப் போய்க் காரைத் திறந்தால் கண்ணாடிகளில் ஆவி படிந்திருக்கிறது. மழை ஓயாத நாட்டில் கண்ணாடி ஈரம் கட்டுவது என்ன அதிசயம் என்று ஊரிலிருக்கும் நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேர்வை சொட்டுமுன் காய்ந்துவிடும் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவனுக்கு இங்கே எல்லா ஈரமும் புதிதுதான். சட்டை பூசணம் பூக்கிறது, தீப்பெட்டி நமுத்துப் போகிறது, கழற்றி வைத்த செருப்பில் காளான் முளைக்கிறது. ஆனால் அதே கொட்டகையில் நிற்கும் மற்ற வாடகைக் கார்களுக்கு ஈரம் வெளிப்பக்கம் படிகிறது. என் காருக்கு உள்பக்கம். அதுவும் பின்னால், இடப்பக்கத்துக் கண்ணாடியில்தான் அதிகம். யாரோ அங்கே சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த மாதிரி இருக்கும். துடைத்துவிட்டுத்தான் தினமும் சவாரிக்குக் கிளம்புகிறேன்.

முத்தையா மலாயாவில் சொந்தக் கார் ஓட்டுகிறான் என்று ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்வி. பேசட்டும். அது எப்படி என் பெயருக்கு வந்தது என்று யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கிள்ளானில் வீரப்பன் முதலாளியிடம் சம்பளத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரயில் பாதைக்குக் கட்டை அறுத்துக் கொடுக்கும் குத்தகைக்காரர். பருத்த உடம்பு, வாதம் பிடித்த கால். வீட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம், அதற்கும் கார்தான். பின்னிருக்கையில் இடப்பக்கம் அவர் இடம். ஏறி உட்கார்ந்ததும் என் இருக்கையின் முதுகில் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டுவார். அதன் பிறகுதான் நான் வண்டியை எடுக்க வேண்டும். வாய் திறந்து "போ" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. முசுடுதான், ஆனால் கை தாராளம். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் தானப் பொருள்களைக் கேட்டார். குடை, செருப்பு, விசிறி, செம்பு. இறந்தவருக்குப் போகிற வழியில் தேவைப்படுவதை இங்கே ஒருவர் கையில் கொடுத்தால் அது அங்கே அவருக்குப் போய்ச் சேரும் என்பது நம் நம்பிக்கை. முதலாளியின் மனைவியை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தப் புதுச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நடக்கவே முடியாத மனுசனுக்குச் செருப்பு எதுக்கு சாமி? காரைக் குடுத்துடறேன்."

ஐயர் ஆடிப்போனார். தமக்கு ஓட்டத் தெரியாது, நிறுத்த இடமில்லை என்று என்னென்னவோ சொல்லித் தட்டிக் கழித்தார். அம்மா விடவில்லை.

"அப்ப ஓட்டத் தெரிஞ்சவன் வாங்கட்டும். முத்தையா, இங்க வா. கையை நீட்டு."

சாவுத் தானத்தை வாங்குவதற்கென்று இருக்கிறவர்கள்தான் வாங்குவார்கள். மற்றவர்கள் கிட்டே போகவும் யோசிப்பார்கள். எனக்கும் தெரியாமலில்லை. ஆனால் எனக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது. என் மனைவி பொன்னம்மாள் ஊரில் இருந்தாள். நான் கப்பலேறிய பிறகு பிறந்த மகளை நான் பார்த்ததே இல்லை. அடுத்தவன் காரை ஓட்டிப் பிழைக்கிறவனை நம்பித் தங்கையைக் கடல் தாண்டி அனுப்ப முடியாது என்று மச்சான்மார் ஒரே பிடியாக நின்றார்கள். சொந்தமாக ஒரு கார் இருந்தால் அவர்கள் வாயை அடைத்துவிடலாம். கையை நீட்டினேன். அம்மா தாரை வார்த்தார். நனைந்த உள்ளங்கையில் சாவி விழுந்தபோது அது அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்பது இன்னும் மறக்கவில்லை.

நம் ஊரில் ஒரு மாட்டைக் கை மாற்ற நாலு பேர் பார்த்திருந்தால் போதும். இந்த நாட்டில் கார் யாருடையது என்பதைப் பதிவு அலுவலகம்தான் சொல்ல வேண்டும். கோர்ட்டு வேலையெல்லாம் முடிந்து அம்மாவின் பெயருக்கு அது வந்து சேரவே மாதக்கணக்காயிற்று. அதன் பிறகு அதை என் பெயருக்கு மாற்ற இருவரும் கோலாலம்பூருக்குப் புறப்பட்டோம். அன்று அம்மா பின்னால் ஏறவில்லை. முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளி வீட்டுப் பெண் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

"பின்னால காலியாத்தானே இருக்கும்மா?"

"நீ பாதையைப் பாத்து ஓட்டு. அவரு தட்டிட்டாரா?"

நான் எஞ்சினைக் கிளப்பினேன். முதுகுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்காக நானும் ஒரு கணம் காத்திருந்தேன். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அலுவலகத்தில் இருந்த கிராணி, நம் ஊர்க் குமாஸ்தா மாதிரி, ஒரு மலாய்க்கார இளைஞர். "ஜுவாலா, காசியா?" என்று கேட்டார். விற்றதா, சும்மா கொடுத்ததா என்று அர்த்தம். காசி என்றேன். காரை யாராவது சும்மா கொடுப்பார்களா என்று சிரித்தார். நான் ஏதோ ஏமாற்றுகிறேன் என்று சந்தேகம். அம்மாவையே கேட்கச் சொன்னார்.

"காரை யாருக்குக் குடுத்தீங்கன்னு கேக்கறாரும்மா."

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அம்மா, இங்க என் பேரைச் சொல்லணும்."

"உன் பேரையே எழுதிக்கச் சொல்லு. ஓட்டறது நீ. நான் குடுத்தது அவருக்கு. இதை அப்படியே சொல்லு."

எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சில், அப்படியே சொன்னேன். கிராணியின் சிரிப்பு நின்றது. "ஒராங் மாத்தி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். செத்துப்போனவரா என்று. ஆமாம் என்றேன். இதெல்லாம் இங்கே செல்லாது என்று விரட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் பெயரை எழுதினார், அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார், எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணைச் சரிபார்க்க வெளியே வந்தார்.

மலாய்க்காரர்கள் பெரியவர்களைக் கடந்து போக நேர்ந்தால் முதுகை வளைத்து, வலது கையைத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு நகர்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கிராணி காரின் பின்பக்கத்திலிருந்து முன்னால் போகும்போது, இடப்பக்க ஜன்னலருகே வந்ததும் அப்படி முதுகை வளைத்துக் கையைத் தாழ்த்திப் போனார். அம்மா என்னோடு படியில் நின்றிருந்தார். காருக்குள் யாரும் இல்லை.

"பாத்தியா?" என்றார் அம்மா. முதலாளி போன பிறகு அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்து, கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வாடகைக்கு ஓட்டத் தொடங்கினேன். சவாரிக்குக் குறைவில்லை. ஏறுகிறவர்கள்தான் ஒரு மாதிரியாக உட்கார்ந்தார்கள். கோழிக் கூடையோடு ஏறிய சீனத்தி கூடையை மடியில் வைத்துக்கொண்டு வலப்பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டாள். கூடையைப் பக்கத்தில் வைக்கும்படி கையைக் காட்டினேன். அவள் மாட்டேன் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி, பட்டப்பகலிலும் இருட்டிக் கிடக்கும் ரப்பர்த் தோட்டத்துச் சாலையில் ஒரு மலாய்க்காரர் கையைக் காட்டினார். நிறுத்தினேன். குனிந்து உள்ளே பார்த்தவர், "சுடா பெனு லா" என்று பின்வாங்கினார். ஆள் நிறைந்துவிட்டதாம். காலி வண்டி! கட்டணத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக் குறைத்துச் சொன்னேன். அவர் சிரித்து, பின்னிருக்கைப் பக்கம் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

இருக்கையின் ஸ்பிரிங் கோளாறாக இருக்கும் என்று மெத்தையை மாற்றினேன். கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து பூசினேன். விற்றுத் தொலைத்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அதே கிராணி முன்னால் போய் நின்று, "ஜுவாலா, காசியா?" என்று அவர் கேட்கும்போது எதை விற்பதாகச் சொல்வது? காகிதத்தில் என் பெயர் இருப்பதும் உண்மை, நான் இன்னும் டிரைவராகவே இருப்பதும் உண்மை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

கார் விஷயம் ஊருக்கு எட்டியதும் மச்சான்மார் இறங்கி வந்தார்கள். போன மாதம் கப்பலில் வந்த பொன்னம்மாளையும் மகளையும் நோய்த்தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குக் காரைக் கொண்டுபோனேன். பொன்னம்மாள் இளைத்திருந்தாள். மகள் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யாரு காரு?"

"நம்ம காருதான். என் பேர்லதான் இருக்கு."

இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறி, அந்த இடத்தில் உட்காராமல் நகர்ந்து போய் வலப்பக்கம் ஒடுங்கி உட்கார்ந்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டாள். மூட்டையைக்கூடக் காலடியில்தான் வைத்தாள்.

"ஏன் அப்படி ஒதுங்கி உக்கார்ற? அங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரு இருக்கா?" என்று அவள் என்னை வியப்போடு பார்த்தாள். "நீங்க போனதிலேருந்து இப்படித்தான். பாயில, பந்தியில, மாட்டுவண்டியில, எங்கயும் உங்க இடத்தை விட்டுட்டுத்தான் உக்காருவேன். பொங்கலுக்கு உங்களுக்கும் ஒரு இலை போடுவேன். செத்தவனுக்குப் படைக்கிற மாதிரி இருக்குன்னு அண்ணன் திட்டும். அந்த எடத்தை நெரப்பிட்டா நீங்க திரும்பாமப் போயிடுவீங்களோன்னு எனக்குப் பயம்."

நான் முன்னால் ஏறி வண்டியை எடுத்தேன். எதிரே தொங்கிய கண்ணாடியில் அவளும் குழந்தையும் தெரிந்தார்கள், பக்கத்தில் அந்தக் காலியிடமும் தெரிந்தது. அது முதலாளிக்காக விட்டதா, எனக்காக விட்டதா என்று கிள்ளான் வரும்வரை யோசித்துக்கொண்டே ஓட்டினேன். பாலத்தருகே மகள் கூச்சம் தெளிந்து தாயின் மடியிலிருந்து எட்டினாள். அந்த வெறும் இருக்கையைக் கையால் தடவி, பழகிய குரலில், "அப்பா" என்றாள்.

முன்னிருக்கையிலிருந்து நான், "என்னம்மா?" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.