சிவப்புத் துணி கட்டிய பம்பர்

"சிவப்பு அடையாளம் இடப்பட்ட எந்தப் பாகத்தையும் வெட்டுவதற்கு முன், தரப் பிரிவில் ஒருவரும் உற்பத்திப் பிரிவில் ஒருவரும் அதன் சீட்டில் கையெழுத்திட்டிருக்க வேண்டும்." கழிவுப் பாகங்களுக்கான செயல்முறையில் இது ஐந்தாவது விதி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் இருந்த காலத்தில் இதை எழுதியவன் நான்தான். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் சிறிய ஆலைகளும் இதையே பின்பற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவனும் நான்தான். ஆறு முறை திருத்தினேன், அதில் ஒரு திருத்தம் வெறும் காற்புள்ளிக்காக. ஓய்வு பெற்ற பிறகு இந்த விதி எனக்கே ஒருமுறை தேவைப்பட்டது. அன்றைக்கு அது வேலை செய்யவில்லை.

விஷயம் என் மனைவியின் கார் சம்பந்தப்பட்டது. வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிதில் அவள் வாங்கிய வண்டி. முப்பத்தைந்து வயது ஆகப்போகிறது. இந்த மாதிரி வண்டிகளை இணையத்தில் 'கிளாசிக்' என்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்கு 'டீச்சர் வண்டி' என்று பெயர். அவள் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காத எச்சரிக்கைகளை வழங்கிக்கொண்டே வருவேன். இத்தனை ஆண்டுகளாக எங்கள் இல்லறம் பெரும்பாலும் அந்த வண்டிக்குள்தான் நடந்திருக்கிறது.

அதன் முன் பம்பர் இரும்பு இல்லை. பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். ஸ்ரீபெரும்புதூர் சாலையின் மாடுகளும் ஷேர் ஆட்டோக்களும் அதை முட்டிப் பார்த்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுத்த பம்பர் கடைசியில் என் கையால் கிழிந்தது. கழுவுவதற்காக வண்டியை நிழலுக்குத் தள்ளி நிறுத்தப்போய், தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் விளிம்பில் இடித்துவிட்டேன். இத்தனை வருட வெயில் குடித்திருந்த பிளாஸ்டிக், இந்த முறை வளையவில்லை. இடது ஓரம் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்து தொங்கியது.

அவள் வெளியே வந்து பார்த்தாள். "பரவால்ல" என்றாள். ஒரு முறைதான் சொன்னாள். தப்பான கணக்கைப் பார்த்துவிட்டுப் பையனின் நோட்டை மூடி வைக்கும்போது சொல்கிற 'பரவாயில்லை' அது.

சிக்கல் வேறு. இந்த வயது வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். எங்கள் வண்டியின் பதிவு பிப்ரவரி இருபதோடு முடிகிறது. முகம் கிழிந்த வண்டிக்கு எவர் சம்மதிப்பார்?

"இது பாஸ் ஆகலன்னா நான் ஸ்டியரிங்கத் தொடறது இதோட சரி" என்றாள். "புது வண்டி எனக்கு வேணாம். உக்காந்ததுலேர்ந்து கூ கூன்னு கத்திக்கிட்டே இருக்கு."

அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பஸ் படி ஏற முடியாது. ஆனால் அந்தக் காரின் இருக்கையில் மட்டும் எப்படியோ வலியில்லாமல் உட்கார்ந்துவிடுவாள். அது இருக்கிற வரை அவள் யாரிடமும், என்னிடம்கூட, "கொஞ்சம் இட்டுட்டுப் போறீங்களா" என்று கேட்டதில்லை. இனிமேல் கேட்க வேண்டி வரும் என்பதுதான் அந்தப் 'பரவால்ல'வுக்குள் இருந்தது.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அதாவது, கடிதம் எழுதினேன். வண்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கு, மின்னஞ்சலில், நான்கு பக்கம். மூன்று கேள்விகள். அந்தப் பம்பர் இன்னும் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் வேறு மாடலின் பம்பர் பொருந்துமா? பழையதையே ஒட்டிப் போட்டால் அது மூல வடிவத்திலிருந்து மாற்றம் செய்ததாகக் கருதப்படுமா? சேசிஸ் எண், அளவுகள், கையால் வரைந்த படம் எல்லாம் இணைத்தேன். உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு இயந்திரம் உடனே பதில் போட்டது. அதன் பிறகு இயந்திரமும் பேசவில்லை. முதல் நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாவதும் அனுப்பினேன்.

எங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசையில் போனாலும் பம்பர் செய்கிறார்கள். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் லாரி லாரியாக வெளியே போகிறது. அதில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை.

"ஏங்க, ஒட்டிட்டாப் போச்சு" என்றாள் அவள் ஒருநாள் காலையில். வல்லம் வடகாலில், தொழிற்பேட்டைக்குள் திரும்புகிற முனையில், பிளாஸ்டிக் பம்பர் வெல்டிங் என்று எழுதிய ஒரு கடையை அவள் எப்போதோ பார்த்து வைத்திருந்தாள்.

பம்பரைக் கழற்றி ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றினோம். பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்கு வெளியே நீளும் சரக்கின் முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விதி. அவளுடைய பழைய பாவாடையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன். ஆட்டோக்காரர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஸ்ட்ரைக்கா? செவப்புக் கொடி கட்டிகினு போறோம்?"

"ரூல்ப்பா."

"இந்த முழ நீளத்துக்கா? அவன் அவன் கம்பிய ரோடு நீளத்துக்கு இட்டுகினு போறான், கர்ச்சீப்புகூட கட்டுறதில்ல. கம்பெனி கேட்டுல நிறுத்தினேன்னு வை, உன்ன யூனியன் லீடர்னு நெனச்சி உள்ள உடமாட்டான்."

கடையில் யாரும் இல்லை. ஷட்டர் பாதி திறந்திருந்தது. பலகையில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். "சாமான் வாங்க வந்திருக்கேன், வச்சுட்டுப் போங்க, இந்தா வந்துருதேன்" என்றது ஒரு திருநெல்வேலிக் குரல். வாசலில் சாய்த்து வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு பம்பர்களோடு எங்களுடையதையும் சாய்த்துவிட்டு எதிரே டீ குடிக்கப் போனேன். துணியை அவிழ்க்கவில்லை. இறக்கிய பிறகு அவிழ்க்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கிரைண்டர் சத்தம் கேட்டது. கடைக்காரர் வந்துவிட்டார், வேலை சூடு பிடித்துவிட்டது என்று திருப்தியோடு இரண்டாவது டீ சொன்னேன். குடித்துவிட்டுச் சாலையைத் தாண்டியபோது எங்கள் பம்பர் தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. சரியாக நடுவில், அளந்ததுபோல் ஒரு வெட்டு. சிவப்புத் துணி இன்னும் அதன் ஒரு முனையில் இருந்தது.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கிரைண்டரை அணைத்துவிட்டு, "வாங்கண்ணாச்சி, என்ன பம்பர்?" என்று கேட்டார்.

நான் தரையைக் காட்டினேன்.

அவர் கிரைண்டரைக் கீழே வைத்தார். "செவப்புத் துணி கட்டியிருந்துச்சுல்லா அண்ணாச்சி! ரிஜெக்டுன்னுல்லா நெனச்சேன்!"

பக்கத்து ஷெட்டுகளில் கழித்துப்போட்ட பம்பர்களைச் சிவப்பு அடையாளத்தோடு இவரிடம் போட்டுவிட்டுப் போவார்களாம். அவற்றை வெட்டி, கீற்றுக் கீற்றாக நறுக்கி, ஒட்டுவதற்கான குச்சியாகப் பயன்படுத்துவார். கடை வைப்பதற்கு முன் எட்டு வருடம் ஒரு பம்பர் ஆலையில் கான்ட்ராக்டில் இருந்திருக்கிறார். "அங்க பழகுனது அண்ணாச்சி. செவப்பப் பாத்தா யோசிக்காத, வெட்டு. திரும்ப லைனுக்குள்ள வந்துரக் கூடாது. நாலாவது ரூலு" என்றார்.

நாலாவது விதி அதுதான். வார்த்தைகூட ஏறக்குறைய என்னுடையது. "ஐந்தாவது என்ன?" என்று கேட்டேன்.

"அஞ்சாவது ஒண்ணு இருக்கா?"

"வெட்டுவதற்கு முன் இரண்டு பேர் கையெழுத்து. அதை எழுதினதே நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா அது! ஷிஃப்ட் முடியுத நேரத்துல ரூம்ல உக்கார வச்சு வாசிப்பாவ அண்ணாச்சி. நாலு வரைக்கும் முழிச்சிருப்போம்."

என் மனைவிக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒரு அறிக்கையைப்போல் வரிசையாகச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில், என்னைக் கொண்டுவந்து விட்ட அதே லோடு ஆட்டோவில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். இரண்டு துண்டையும் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் வரை சிரித்தாள்.

"நீங்க எழுதினத நாலு வரிக்காவது ஒருத்தர் படிச்சிருக்காரே. சந்தோஷப்படுங்க."

கடைக்காரர் அதன் பிறகு வேறு எந்த வேலையையும் தொடவில்லை. முதலில் பம்பரின் பின்பக்கத்திலிருந்து ஒரு செதில் சீவி, டம்ளர் தண்ணீரில் போட்டார். மிதந்தது. இன்ன ஜாதி பிளாஸ்டிக் என்று அதில் தெரிந்துகொண்டார். அதே ஜாதிக் குச்சியால்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியதுபோல் நடித்துவிட்டு முதல் மேட்டில் விட்டுவிடுமாம். வெட்டின இரண்டு ஓரத்தையும் சரிவாகச் சீவி, நடுவில் வாய்க்கால் மாதிரி செய்தார். பின்பக்கம் மெல்லிய ஸ்டீல் வலையைச் சூடாக்கி உள்ளே பதித்தார். நெருப்பு இல்லாமல் வெறும் சூடான காற்றை ஊதும் துப்பாக்கி ஒன்றைப் பிடித்து, குச்சியை அந்த வாய்க்காலில் இழைய விட்டார். மெழுகுவத்தி அணைந்த மணம் வந்தது.

அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வையிட்டாள். அவர் இடது முனையை வலது முனையோடு மட்டம் பார்த்து உயர்த்தியபோது, "தம்பி, அது கொஞ்சம் எறங்கியே இருக்கும். வாங்கினதுலேர்ந்து அப்படித்தான்" என்றாள்.

"சரி பண்ணிரலாமேம்மா?"

"வேணாம். அத வச்சுத்தான் எனக்கு ஓரம் தெரியும்."

எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த அளவை, அவள் சொன்ன இடத்தில் அவர் நிறுத்தினார். நான் குறுக்கே பேசவில்லை. மூன்றாம் நாள் பம்பரை வண்டியில் மாட்டிக் கட்டைவிரலால் அழுத்தினோம். உள்ளே போய்த் திரும்பி வந்தது. நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு தழும்புகள், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிந்தன.

ஆய்வுக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். ஆய்வாளர் இளைஞர், பண்பானவர். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு முன்பக்கம் குனிந்தார். தழும்பைத் தடவினார்.

"மாத்தினீங்களா மேடம்?"

"மாத்தல சார். ஒட்டியிருக்கோம். ரெண்டு பாதியும் ஒரிஜினல்."

அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். அந்த நொடியில் நான் கோப்பைத் திறந்தேன். யாரும் கேட்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதிய கடிதம், இரண்டு நினைவூட்டல், எல்லாவற்றின் நகலையும் முறைப்படி அவர் முன் வைத்தேன். அவர் மூன்றாவது கேள்விவரை பொறுமையாகப் படித்தார். பேனாவை மூடினார்.

"ஒட்டினா மாற்றம் ஆகுமான்னு நீங்களே எழுதிக் கேட்டிருக்கீங்களே சார். பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்லை."

"அப்ப வரட்டும். கேள்வி ஃபைல்ல இருக்கும்போது நான் கையெழுத்துப் போட முடியாது. பதில எடுத்துக்கிட்டு வாங்க, அன்னிக்கே முடிச்சுத் தர்றேன்."

அவர் செய்தது முற்றிலும் சரி. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதனால்தான் திரும்பி வரும் வழியில் நான் ஒரு எச்சரிக்கைகூட வழங்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது அவள் கேட்டாள்.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏங்க?"

"கையில இருந்தது."

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் வண்டியை எடுக்கவில்லை. என் மேல் கோபமில்லை என்பது அதைவிட மோசமாக இருந்தது. சாம்பாரில் எனக்குப் பிடித்த முருங்கைக்காய் வந்துகொண்டேதான் இருந்தது. காய் வாங்க என்னை அனுப்பினாள், "கொஞ்சம் போயிட்டு வர்றீங்களா" என்று கேட்டு. நான் மூன்றாவது நினைவூட்டலை அனுப்பினேன். நான்காவதில் முந்தைய மூன்றின் தேதிகளையும் அட்டவணையாகப் போட்டேன்.

ஒரு மதியம் என் மேசைக்கு வந்து, அந்த மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் எழுதியதை எனக்குக் காட்டவில்லை. பிறகுதான் பார்த்தேன். "முப்பத்தைந்து வருடமாக உங்கள் வண்டியை ஓட்டுகிறேன். முன் பம்பரை ஒட்டியிருக்கிறேன், படம் இணைத்திருக்கிறேன். ஓட்டலாமா, கூடாதா?" அவ்வளவுதான். பொருள், பார்வை, இணைப்புப் பட்டியல் எதுவும் கிடையாது.

பதில் அவள் பெயருக்குத்தான் வந்தது. அந்தப் பாகம் இப்போது தயாரிப்பில் இல்லை, பழுதுபார்த்த மூலப் பாகம் மாற்றமாகக் கருதப்படாது, தாராளமாக ஓட்டலாம். கீழே மனிதர் ஒருவரின் கையெழுத்து. அவள் அதை அச்செடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள். நான் கோப்பை எடுக்காமல் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன். தேதி, பிப்ரவரி பதினெட்டு; பதிவு முடிய இன்னும் இரண்டு நாள்.